வீடியோ எடுக்கும்போது 20 நிமிடத்தில் அணைந்துவிடும் கேமரா: உதவி தேவை

2019-இல் வாங்கிய, 1 அங்குல சென்சார் கொண்ட என் கையடக்கக் கேமராவில், 1240 எம்ஏஎச் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஏறியிருந்தாலும், முழு எச்டி வீடியோ 20 நிமிடம்கூட எடுக்க முடிவதில்லை. மூன்று மாதங்களுக்கு முன்புவரை 50 நிமிடம் தாங்கியது. திண்டுக்கல் வெயிலில் மட்டுமன்றி, வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் எடுத்தாலும் இதே நிலைதான். பாதிக்கு மேல் காட்டிக்கொண்டிருந்த பேட்டரி அளவு திடீரென்று சிவப்புக்கு இறங்கி, சூடு பற்றிய எச்சரிக்கை எதுவும் வராமலேயே கேமரா அணைந்துவிடுகிறது.

வைஃபையை நிறுத்தி, திரை வெளிச்சத்தைக் குறைத்து, வீடியோவை வினாடிக்கு 60 ஃபிரேமிலிருந்து 30-க்கு மாற்றியும் ஐந்து நிமிடம்தான் கூடியது. வேறு நிறுவனத்தின் புதிய பேட்டரியும் (மலிவானதுதான்) அப்படியே அணைகிறது. ஆனால் பவர் பேங்க்கை இணைத்து எடுத்தால் அணைவதில்லை.

பழுது பேட்டரிகளிலா, கேமராவுக்குள் அவை தொடும் உலோக முனைகளிலா என்பதை வீட்டிலேயே உறுதிசெய்வது எப்படி?