வயது 52, வேலை இல்லை, துணை இல்லை: மனச்சோர்விலிருந்து மீள்வதை இவைதான் தீர்மானிக்குமா?

கரையோரம் எழுதியது:

வணக்கம். எனக்கு 52 வயது. மனைவியும் நானும் பிரிந்து மூன்று வருடம், வேலை போய் 14 மாதம். மனச்சோர்வுக்கு ஏழு மாதமாக மாத்திரை எடுக்கிறேன். முதல் மாத்திரை கேட்கவில்லை. இரண்டாவதில் தூக்கம் கொஞ்சம் சரியானது, ஆனால் காலையில் எழுந்து பல் தேய்ப்பதே இன்னும் பெரிய வேலையாகத்தான் இருக்கிறது.

போன வாரம் ஒரு ராத்திரி, யாருக்கெல்லாம் இந்த நோய் சீக்கிரம் குணமாகும் என்று தேடிப் படித்தேன். வயது கூடினால் தாமதம், துணை இல்லாவிட்டால் தாமதம், வேலை இல்லாவிட்டால் தாமதம், படிப்பு குறைவென்றால் தாமதம். நான் பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவன். ஒவ்வொரு வரியும் என்னைப் பார்த்து எழுதியது போல இருந்தது. டாக்டரிடம் கேட்கலாம்தான், ஆனால் அவர் முன்னால் போய் உட்கார்ந்தால் தூக்கம் எப்படி, பசி எப்படி என்பதோடு நேரம் முடிந்துவிடுகிறது. வயதையோ போன வாழ்க்கையையோ நான் மாற்ற முடியாது. அப்படியென்றால் எனக்குக் குணமாகும் வாய்ப்பு உண்மையிலேயே குறைவா? ஆறுதலுக்காகச் சொல்லாமல், தெரிந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் மருத்துவ ஆய்வுகளின் புள்ளிவிவரத்தைப் பார்க்கிற வேலையில் இருக்கிறேன், டாக்டர் இல்லை. நீங்கள் படித்தது பொய் இல்லை, ஆனால் எல்லாவற்றையும் ஒரே எடையில் போட்டுவிட்டார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைப் பிரித்துவிடலாம். யாருக்கு மனச்சோர்வு வருகிறது என்பது ஒரு கேள்வி, வந்தவர்களில் யார் மீள்கிறார்கள் என்பது வேறு கேள்வி. பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக வருகிறது. ஆனால் வந்த பிறகு மீள்வதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் சீராகத் தென்படுவதில்லை. இந்த இரண்டையும் கலந்து எழுதுகிறவர்கள் நிறைய.

அப்புறம் வேலை. இதில் மழுப்ப மாட்டேன், இது கணக்கில் வருகிறது. அமெரிக்காவில் ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வு நடந்தது. 2006-இல் வந்த அதன் முதல் கட்ட முடிவில் 2,876 பேருக்கு சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை கொடுத்துப் பார்த்ததில், அறிகுறிகளை மதிப்பெண் போட்டு அளக்கும் ஹாமில்டன் அளவுகோலின்படி 28 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் ஏறக்குறைய முழுவதும் போயின. வேலையில் இருந்தவர்கள், வருமானமோ படிப்போ கூடுதலாக இருந்தவர்கள் கொஞ்சம் முன்னால் இருந்தார்கள். 2022-இல் பல ஆய்வுகளில் இருந்த நோயாளிகளின் தனித்தனி விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோதும் அதேதான், சிகிச்சை தொடங்கி மூன்று நான்கு மாதத்தில் வேலை இல்லாதவர்களின் அறிகுறி மதிப்பெண் (கூடினால் நோய் கூடுதல் என்று அர்த்தம்) வேலையில் இருந்தவர்களைவிடச் சராசரியாக 28 சதவீதம் அதிகமாக இருந்தது. இந்த 28-ஐ "28 சதவீதம் பேர் குணமாக மாட்டார்கள்" என்று படித்துவிடாதீர்கள். அது மதிப்பெண்ணின் சராசரி. இரண்டு கூட்டத்தாரின் மதிப்பெண்களும் பெரும்பகுதி ஒன்றின் மேல் ஒன்று விழுந்துதான் கிடக்கும், வேலை இல்லாமலே நன்றாகத் தேறியவர்கள் அதற்குள் ஏராளமாக இருப்பார்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. தொடங்கும்போது நோய் எவ்வளவு கடுமை, எத்தனை மாதமாக இருக்கிறது, கூடவே பதற்ற நோய் உண்டா, உடம்பில் வேறு நோய் உண்டா, இவைதான் வயதையும் கல்யாணத்தையும் விட அதிகம் சொல்கின்றன. இவற்றில் பல சிகிச்சைக்கு உட்பட்டவை. தவிர, வேலை போனதால் மனச்சோர்வா, மனச்சோர்வால் வேலை போனதா என்பது எந்த அட்டவணையிலும் தெளிவாகத் தெரியாது. பிரிவுக்கும் அதே கதைதான். வெளியே நின்று பார்க்கிறவருக்கு அது "திருமண நிலை" என்று ஒரு கட்டம். உள்ளே என்ன நடந்தது என்று அந்தக் கட்டத்துக்குத் தெரியாது.

வெள்ளிமீன் எழுதியது:

தம்பி, எனக்கு 67 வயது. கணவர் தவறிய பிறகு 60 வயதில் எனக்கு இது வந்தது. பள்ளிப்படிப்பைத் தாண்டாதவள், வேலைக்கும் போனதில்லை. உங்கள் பட்டியலில் நானும் எல்லாக் கட்டத்திலும் விழுவேன்.

மூன்றாவது மாத்திரைதான் எனக்குக் கேட்டது. அதற்குள் ஒரு வருடம் போய்விட்டது, அந்த ஒரு வருடத்தை இப்போதும் என்னால் ஒழுங்காக ஞாபகப்படுத்த முடியவில்லை. நடுவில் "இந்த வயதில் இதெல்லாம் சகஜம்மா" என்று ஒரு டாக்டர் சொன்னார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அதுதான் எனக்கு நடந்ததிலேயே பெரிய தப்பு என்று இப்போது நினைக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு ஐந்து மாதம் நான் எங்கேயும் போகவில்லை. என் தங்கை மகள்தான் வேறு ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் மாத்திரையை மாற்றினார், வாரம் ஒரு முறை பேசுவதற்கு ஆள் ஏற்பாடு செய்தார். இரண்டும் சேர்ந்துதான் என்னைத் தூக்கிவிட்டன, எது எவ்வளவு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

63 வயதில் மறுபடியும் வந்தது. அப்போது என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்ததால் மூன்று வாரத்திலேயே போய்விட்டேன், இரண்டு மாதத்தில் எழுந்துவிட்டேன். வயது என்னவோ மூன்று கூடித்தான் இருந்தது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அம்மா சொன்ன "இந்த வயதில் சகஜம்" என்ற பேச்சுக்காக இதைச் சேர்க்கிறேன். வயது கூடக்கூட நோய் நீண்டு இழுப்பதாக நெதர்லாந்தில் பல வருடம் தொடர்ந்து பார்த்தவர்கள் கண்டார்கள், அது உண்மை. ஆனால் 2002-இல் அமெரிக்காவில் வெளிவந்த இம்பாக்ட் ஆய்வைப் பாருங்கள். 60 வயதும் அதற்கு மேலும் ஆன 1,801 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை, மீதிப் பேருக்கு அடிக்கடி அழைத்து விசாரிக்கவும் மாத்திரை வேலை செய்யாவிட்டால் உடனே மாற்றச் சொல்லவும் ஒரு தனி ஆள். ஒரு வருடம் கழித்து அறிகுறிகள் பாதியாகவோ அதற்கும் கீழேயோ குறைந்தவர்கள் வழக்கமான பக்கத்தில் 19 சதவீதம், இந்தப் பக்கத்தில் 45 சதவீதம். இரண்டு பக்கமும் ஒரே வயதுக்காரர்கள்தான்.

இரவுப்பணி எழுதியது:

கரையோரம் அண்ணா, நான் மனநலப் பிரிவில் 19 வருடமாக செவிலியர். மற்றதுக்கு முன்னால் ஒன்று நேராகக் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். செத்துப்போய்விடலாம் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால், எப்படி என்றுகூட யோசித்திருக்கிறீர்களா? பதில் ஆம் என்றால் இங்கே எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், இன்றைக்கே உங்கள் டாக்டருக்கோ அவசர உதவி எண்ணுக்கோ போன் செய்யுங்கள், அல்லது நம்புகிற ஒருவரைக் கூட வரச் சொல்லுங்கள். பிரிந்து தனியாக இருக்கிற நடுவயது ஆண்களிடம் இதை நாங்கள் கேட்காமல் விடுவதே இல்லை.

துணை இல்லாதவர்கள் ஏன் பின்தங்குகிறார்கள் என்று என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் கவனிக்க ஆள் இல்லை. "போன வாரத்தைவிட இன்று முகம் பரவாயில்லை" என்று சொல்ல ஆள் இல்லை, தனக்கே அது தெரிவதில்லை. டாக்டரிடம் போகிற நாளைத் தள்ளிப்போட்டால் திட்ட ஆள் இல்லை. இதற்கெல்லாம் மனைவிதான் வேண்டும் என்றில்லை, வாரத்தில் ஒரு நாள் போன் செய்கிற ஒரு நண்பர் போதும்.

டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள், வாயால் சொல்ல வேண்டாம். இப்போது எடுக்கிற மாத்திரை முழு அளவுக்கு வந்துவிட்டதா, எத்தனை வாரம் ஆகிறது, தைராய்டு பார்த்தாயிற்றா, பதற்றத்துக்குத் தனியாக எதுவும் தேவையா, பேச்சு சிகிச்சையைச் சேர்க்கலாமா. குடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். பி.எச்.கியூ-9 என்று ஒன்பது கேள்வித் தாள் ஒன்று உண்டு, 0 முதல் 27 வரை மதிப்பெண். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போட்டுத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். 5-க்குக் கீழே வந்து அங்கேயே நின்றால் நல்ல அடையாளம். அப்படி வந்த உடனே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள்.

கரையோரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தங்கச்சி, நேராகக் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன். காலையில் எழாமலே இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றும், அதற்கு மேலே யோசித்ததில்லை. இதை டாக்டரிடம் சொன்னதில்லை, இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். குடி உண்டு, வாரத்தில் மூன்று நாள்.

கணக்குப்பிள்ளை, ஒன்று மட்டும் கேட்கிறேன். வேலை கிடைத்தால்தான் தேறுவேன், தேறினால்தான் வேலை தேட முடியும் என்றிருக்கிறது. இதில் எங்கே தொடங்குவது?

இரவுப்பணி எழுதியது:

சொன்னது ரொம்ப நல்லது அண்ணா. அந்த இரண்டு வரியையும் அப்படியே தாளின் முதலில் எழுதுங்கள். அடுத்த முறை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே நேரம் கேளுங்கள். குடியைத் தினமும் இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும், மாத்திரையோடு சேர்ந்து அது மனதை இன்னும் கீழே இழுக்கும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஜிம்பாப்வேயில் நடந்ததைச் சொல்கிறேன். மனநல மருத்துவர்கள் மிகக் குறைவாக இருக்கிற நாடு அது. சுகாதார நிலையத்து வளாகத்தில் ஒரு பெஞ்சு போட்டு, பயிற்சி பெற்ற சாதாரணப் பெண்களை, பெரும்பாலும் பாட்டிமார்களை, உட்கார வைத்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் வறுமையில் இருந்த பெண்கள், பலருக்கு எச்.ஐ.வி.யும் இருந்தது. உங்களை மிரட்டிய அந்தப் பட்டியல்படி பார்த்தால் இவர்கள்தான் கடைசி வரிசை. 2016-இல் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பு கிடைத்தவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன, பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான் இருந்தன.

பேசியது என்ன என்றால், இருக்கிற பிரச்சினைகளை எல்லாம் சொல்லச் சொல்லி, அதில் ஒன்றை மட்டும் அந்த நபரே எடுத்து, இந்த வாரம் அதில் செய்ய முடிகிற சின்னக் காரியம் எது என்று பார்ப்பது. அடுத்த முறை வந்து, நடந்ததா, நடக்கவில்லை என்றால் ஏன் என்று மறுபடி பேசுவது. நீங்களும் வேலை தேடுவதை இப்போது எடுக்க வேண்டாம். அதற்கு முன்னால் இருக்கிற ஏதாவது ஒன்று.

வெள்ளிமீன் எழுதியது:

எனக்கு அது குளிப்பதாக இருந்தது தம்பி. பத்து மணிக்குள் குளித்துவிட வேண்டும், அவ்வளவுதான். முதல் வாரம் இரண்டு நாள்தான் முடிந்தது. அதையும் வாரம் ஒரு முறை என்னோடு பேசிய அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள்.

கரையோரம் எழுதியது:

தாள் எழுதிவிட்டேன். ஒன்பது கேள்வியும் போட்டுப் பார்த்தேன், 17 வந்தது. வியாழக்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார்கள். என் தம்பியிடம் கூட வரச் சொல்லிக் கேட்டேன், எதற்கு என்று கேட்காமலே வருகிறேன் என்றான்.