புல்மலை ஏறும்போது பனியில் நின்ற அந்த ஆள்: உங்களுக்கும் நடந்ததா?

சரிவுநடை
மரமே இல்லாத மலை, முழங்கால் உயரப் புல், காற்றுகூட இல்லை. உச்சி என்று நம்பி ஏறினால் பின்னால் இன்னொரு மேடு, எல்லாருக்கும் தெரிந்த கதைதான். அப்படி ஒரு மேட்டில் நிற்கிறேன். முதுகுப்பக்கம் காலை வெயில், எதிரே பள்ளத்தில் மூடுபனி. அந்தப் பனியில் பெரிதாக ஒரு கறுத்த உருவம். கையைத் தூக்கினேன், அதுவும் தூக்கியது. தலையைச் சுற்றி வண்ண வளையம், உள்ளே நீலம், ஓரத்தில் சிவப்பு. பக்கத்தில் நின்ற அக்கா, "வளையம் என் தலைக்குத்தானே இருக்கு?" என்றார். எனக்கோ என் நிழலின் தலையில் மட்டும்தான் தெரிந்தது. அக்காவின் நிழல் வெறுமையாக இருந்தது. அது இன்னும் மனதைக் குடைகிறது.

பனித்துளி
நானும் பார்த்திருக்கிறேன். விடிகாலை, ஈரப் புல்லில் என் நிழல் நீளமாகக் கிடந்தது, தலையைச் சுற்றி வெள்ளை ஒளி. குனிந்தேன், கூடவே வந்தது. மூடுபனியெல்லாம் தேவையே இல்லை.

மேட்டுவழி
பனித்துளி, அது வேறு. புல்நுனியில் நிற்கும் துளி வெயிலைக் குவித்து வந்த வழியே திருப்பி அனுப்புவதால் வரும் வெள்ளை ஒளி அது, நிறம் இருக்காது. சரிவுநடை பார்த்தது பிராக்கன் பூதம், அதாவது மூடுபனியில் விழும் நம் நிழல்; ஜெர்மனியில் உள்ள பிராக்கன் மலையின் பெயரால் வந்தது. சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளியைச் சுற்றித்தான் வளையம் விழும். அந்தப் புள்ளி அவரவர் கண்ணுக்கு அவரவர் தலைநிழலில் இருக்கும், அக்கா சொன்னதும் சரிதான். 1894-இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் இந்த வளையங்களைப் பார்த்த இயற்பியலாளர் வில்சன், அதை ஆய்வகத்தில் உண்டாக்கப் போய் மேக அறையை, அதாவது மின்னேற்றத் துகள்கள் போகும் தடத்தைக் காட்டும் கருவியை, உருவாக்கினார். அதற்கு 1927-இல் நோபல் பரிசு. நான் பார்த்தது ஒரு நொடிதான், மேகம் வந்து மறைத்துவிட்டது.

அப்புறம் ஒன்று, தயவுசெய்து கேளுங்கள். வளையத்தைப் பார்த்துக்கொண்டே பனிப்பக்கம் நடக்காதீர்கள், விளிம்பு தெரியாது. அந்தப் பனி மேலேறி உங்களையே மூடிவிடும். புல்மலையில் அடையாளம் சொல்ல மரமோ பாறையோ இருக்காது, ஆட்டுத்தடமெல்லாம் பாதை மாதிரியே தெரியும். பனி நெருங்கும்போதே திசைகாட்டியில் இறங்கும் திசையைப் பார்த்து வையுங்கள். நடக்க ஆகும் நேரத்துக்கு, ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு போதும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. ஈரப் புல்லில் இறங்கும்போது குதிகாலை அழுத்தி வையுங்கள்.

சரிவுநடை
அக்காவிடம் இப்போதே சொல்கிறேன். வளையம் தனக்குத்தான் என்று இன்றுவரை சாதிக்கிறார்.