சிரித்தால் முழங்கால் தளர்கிறது: வலிப்பா, நார்கோலெப்சியா?

கேள்வி:
கல்லூரியில் படிக்கும் என் தம்பி, இரவில் போதிய நேரம் படுத்திருந்தும் வகுப்பிலும் பேருந்திலும், சில நாள் சாப்பிடும்போதே கூடத் தூங்கிவிடுகிறான். நண்பர்களோடு வாய்விட்டுச் சிரிக்கும்போது அவனுடைய முழங்கால்கள் மடங்கி, தாடை தொங்கி, சில நொடிகள் துவண்டுபோகிறான். ஆனால் அப்போது மற்றவர்கள் பேசுவதெல்லாம் காதில் விழுவதாகச் சொல்கிறான். தூக்கம் வரும் வேளையில் அறையில் யாரோ நிற்பதுபோலத் தோன்றி, உடலை அசைக்க முடியாமல் போவதும் உண்டு. பாட்டி அதை அமுக்குவான் பேய் என்கிறார். வலிப்பு என்று கருதித் தரப்பட்ட மாத்திரையால் எந்த மாற்றமும் இல்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1:
நானும் நார்கோலெப்சியோடு, அதாவது பகலிலும் அடக்க முடியாத தூக்கம் வரும் நரம்பியல் நோயோடு, வாழ்பவள். நீங்கள் எழுதியவற்றுள் மிக முக்கியமானது அந்தச் சிரிப்புதான். நினைவு தப்பாமல், உணர்ச்சிப் பெருக்கால் தசைகள் தளர்வதற்குக் கேட்டப்ளெக்சி என்று பெயர். நரம்பியல் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். முடிந்தால் கைபேசியில் பதிவு செய்து காட்டுங்கள். உறக்க ஆய்வகத்தில் ஓர் இரவு முழுவதும் பதிவெடுத்து, மறுநாள் இரண்டு மணி நேர இடைவெளியில் நான்கைந்து முறை தூங்கச் சொல்வார்கள். சராசரியாக 8 நிமிடங்களுக்குள் தூக்கம் வந்து, குறைந்தது 2 முறை கனவு உறக்கம் உடனே தொடங்கினால் ஐயம் பெரிதும் தீரும். அதுவரை வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பதில் 2:
இந்நோய்க்கு 1880-இல் பெயரிட்ட பிரெஞ்சு மருத்துவர் ஜெலினோவிடம் வந்த பீப்பாய் வியாபாரிக்கும் சிரித்தால் கால்கள் தளர்ந்தன. அதன் பிறகும் நெடுங்காலம் பலர் இதை மனக்கோளாறு என்றே கருதியது வேதனைக்குரியது. 1999-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உறக்க ஆய்வாளர் மினியோவின் குழு, இந்நோய் பரம்பரையாக வரும் டோபர்மன் நாய்களில் ஹைப்போகிரெட்டின் என்னும் மூளைப் பொருளை உணரும் ஏற்பியின் மரபணு பழுதுபட்டிருப்பதைக் கண்டறிந்தது. மனிதர்களிடம் பழுது வேறு: அப்பொருளைச் சுரக்கும், மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் நரம்பணுக்களே பெரும்பாலும் அழிந்திருப்பது 2000-இல் தெரியவந்தது. உடலின் எதிர்ப்பாற்றலே அவற்றைத் தாக்குகிறது என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. விழிப்பை நிலைநிறுத்தும் அப்பொருள் குறைந்தால், கனவு காணும்போது உடலைக் கட்டிப்போடும் தளர்ச்சி விழிப்புக்குள்ளும் புகுந்துவிடுகிறது. சிரிப்பில் கால் மடங்குவதும் பாட்டி சொல்லும் அமுக்குவானும் இந்த ஒரே வேரில் கிளைத்தவை. ஆனால் அமுக்குவான் மட்டும் இந்நோய் இல்லாதவர்களுக்கும் வரும்.

பதில் 3:
என் மகனைக் கவனித்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன். அழிந்த அணுக்களை மீட்கும் மருத்துவம் இன்னும் இல்லையென்றாலும், படிப்பைக் கைவிட வேண்டியதில்லை. பகல் தூக்கத்துக்கு மொடாஃபினிலும், தசைத் தளர்ச்சிக்கு வென்லாஃபாக்சினும் மருத்துவர் எழுதித் தரக்கூடும். பின்னதைத் திடீரென நிறுத்தினால் தளர்ச்சி முன்னைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும். குறித்த நேரத்தில் 15 முதல் 20 நிமிடம் தூங்குவது மாத்திரைக்கு இணையாக உதவுவதை நாங்கள் கண்கூடாகக் கண்டோம். ஆகவே மருத்துவச் சான்றுடன் துறைத்தலைவரைச் சந்தித்து, மதிய இடைவேளையில் தூங்க ஓர் இடமும் தேர்வில் கூடுதல் நேரமும் கேளுங்கள். நோய் கட்டுக்குள் வந்ததென்று மருத்துவர் சொல்லும்வரை இருசக்கர வாகனச் சாவியைத் தம்பியிடம் கொடுக்காதீர்கள். கிணற்றிலோ குளத்திலோ தனியே இறங்கவும் விடாதீர்கள்.