வகுப்புல "குண்டு"ன்னு கூப்பிடுறாங்க: 9 வயசுப் பொண்ணுக்கு என்ன சொல்றது?

கேள்வி:
வகுப்புல யாரும் அவ பேரைச் சொல்றதில்ல, "குண்டு"தான். விளையாட்டு பீரியடு இருக்கற நாள்ல வயித்து வலிங்கறா. சாப்பாடு பாதி அப்படியே திரும்பி வருது. "நீ ஒண்ணும் குண்டு இல்லடா"ன்னா இன்னும் அழறா. டயட் ஆரம்பிக்கலாமா, பள்ளிக்கூடத்துல பேசவா?

பதில் 1:
டயட்டை இப்போ தொடாதீங்க. கிண்டல் நடக்கற நேரத்துல சாப்பாட்டைக் குறைச்சா, "அவங்க சொன்னது சரிதான், வீட்லயே ஒத்துக்கிட்டாங்க"ன்னுதான் மனசுல பதியும். ஒளிச்சு வெச்சு சாப்பிடறதுலகூட போய் முடியலாம்.

"நீ குண்டு இல்ல"ங்கறதும் உதவாது. குண்டா இருக்கறது கேவலம்னு நீங்களும் சொன்ன மாதிரி ஆகிடுது. "அப்படிச் சொன்னாங்களா? ரொம்ப வலிச்சிருக்கும். உன் உடம்புல தப்பு இல்ல, அவங்க பேசினதுலதான் தப்பு." இவ்வளவு போதும். அப்புறம் அவ பேசட்டும், நடுவுல அறிவுரை வேண்டாம். பெரியவங்க கண்ணாடி முன்னாடி நின்னு "வெயிட் போட்டுட்டேன்"னு அலுத்துக்கறதையும் நிறுத்தணும், குழந்தை அதைக் கேட்டுத்தான் வளருது. யூனிஃபார்ம் இறுக்கமா இருந்தா உடனே மாத்துங்க. நாள் முழுக்க சட்டையை இழுத்து விட்டுக்கிட்டே இருந்தா எப்படி அதை மறப்பா?

பதில் 2:
பள்ளிக்குப் போறதுக்கு முன்னாடி தேதி, இடம், சொன்ன வார்த்தை, பக்கத்துல இருந்தவங்க, எல்லாத்தையும் எழுதி வைங்க. "எப்பவும் கிண்டல் பண்றாங்க"ன்னு பொதுவா சொன்னா நடவடிக்கை வராது. எழுத்துல குடுத்து, ஒரு வாரத்துல பதில் கேளுங்க. ரெண்டு பேரையும் எதிரெதிரா நிறுத்திக் கை குலுக்க வைக்க விடாதீங்க, இது சமமானவங்க சண்டை இல்ல. விளையாட்டு ஆசிரியர்கிட்ட தனியா ஒண்ணு கேளுங்க: கேப்டன் ஆள் பொறுக்கறதுக்குப் பதிலா ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணி அணி பிரிக்கட்டும். கடைசி ஆளா நிக்கற அவமானம் அதோட போயிடும்.

பதில் 3:
எடை பத்திக் கவலைன்னா அதைத் தனியா டாக்டர்கிட்ட பாருங்க. வயசு, பாலினம், உயரம் சேர்த்துதான் வளர்ச்சி வரைபடத்துல பார்ப்பாங்க. பருவமடையற சமயத்துல எடை கூடறது வளர்ச்சியோட பகுதி. எடை எவ்வளவுன்னு குழந்தை முன்னாடி சத்தமா சொல்ல வேண்டாம்னு டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டுக்கலாம். சாப்பிட்டதும் வாந்தி எடுக்கறது, வேளைகளைத் தொடர்ந்து தவிர்க்கறது, "நான் இல்லாமலே போயிடலாம்"னு பேசறது, இதுல எது இருந்தாலும் அன்னைக்கே மருத்துவர்கிட்ட போங்க.

கேட்டவர்:
நன்றி. அந்த நேரத்துல அவ திருப்பி என்ன சொல்லணும்?

பதில் 1:
சின்னதா: "அப்படிக் கூப்பிடாத. எனக்குப் பேர் இருக்கு." சொல்லிட்டு உடனே தோழி பக்கமோ டீச்சர் பக்கமோ நடக்கணும், பதிலுக்காக நிக்கக் கூடாது. தினம் அஞ்சு நிமிஷம் ஒத்திகை பாருங்க, முதல்ல நீங்க கிண்டல் பண்றவங்களா நடிங்க, அப்புறம் இடம் மாத்துங்க. குரல் நடுங்கினா பரவாயில்ல. எதிராளியோட நிறத்தையோ பல்லையோ சொல்லித் திருப்பித் தாக்க மட்டும் பழக்காதீங்க.