பிரியாணிக் கடை ஆட்களுக்கு மருத்துவக் காப்பீடு: வழி சொல்லுங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும். ஆம்பூரில் சின்ன பிரியாணிக் கடை வைத்திருக்கிறேன், ஏழு பேர் வேலை செய்கிறார்கள். போன மாதம் தம் போடும்போது மூடி மேல் இருந்த கரி நெருப்பு சரிந்து மாஸ்டருக்கு முழங்கை வரை வெந்துவிட்டது. நான்கு நாள் கடை மூடல். ஆஸ்பத்திரிச் செலவில் பாதி என் தலையில்.

இ.எஸ்.ஐ. (அரசின் தொழிலாளர் காப்பீடு) 10 பேர் இருந்தால்தான் கட்டாயம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்று பேரிடம் இருக்கிறது, அதிலும் ஒருவர் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்! பீகார் பையன்களிடம் எதுவும் இல்லை. முன்பு பேச்சை எடுத்தபோது "இன்ஷூரன்ஸெல்லாம் ஹராம் பாய்" என்று தட்டிக்கழித்தவர் இதே மாஸ்டர்தான்.

இவ்வளவு குறைந்த ஆட்களுக்குக் குழுக் காப்பீடு எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? பிரீமியம் எவ்வளவு வந்தது? அப்புறம், ஆட்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?