நாற்பது வயதில் முழு உயரத் தடை: டொனால்ட் ஃபின்லே

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

நாற்பதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களும் நம்மில் நிறையப் பேர். அதனால் பிரிட்டனின் தடை ஓட்ட வீரர் டொனால்ட் ஃபின்லே பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. 1909-இல் பிறந்தவர், விமானப்படைக்காரர்.

1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் மூன்றாவது இடம் அமெரிக்காவின் ஜாக் கெல்லருக்கு என்று முதலில் அறிவித்துவிட்டார்கள். பிறகு படச்சுருளைப் போட்டுப் பார்த்தால் ஃபின்லேதான் மூன்றாவது. கெல்லர் தானே நேரில் போய் வெண்கலப் பதக்கத்தை அவரிடம் கொடுத்தார். அந்த மனசுக்காகவே கெல்லரின் பெயரையும் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

1936 பெர்லினில் வெள்ளி. 1938-இல் ஐரோப்பியச் சாம்பியன். அடுத்து வந்தது போர். 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் இரண்டும் நடக்கவில்லை. ஓட வேண்டிய வயதில் அவர் ஸ்பிட்ஃபயர் விமானப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தார். 1940 ஆகஸ்டில் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. காயம் ஆறியதும் மறுபடி பறக்கப் போய்விட்டார்.

1948-இல் ஒலிம்பிக் லண்டனுக்கு வந்தது. வெம்பிளியில் எல்லா வீரர்கள் சார்பிலும் உறுதிமொழி எடுத்தவர் 39 வயது ஃபின்லே. ஆனால் முதல் சுற்றிலேயே தடையில் இடறி விழுந்தார். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள்.

இந்த ஓட்டம் எவ்வளவு கடினம் என்று சொன்னால்தான் அவர் அதற்கப்புறம் செய்தது புரியும். பத்துத் தடைகள், ஒவ்வொன்றும் 106.7 செ.மீ. உயரம், நடுவே 9.14 மீட்டர். அந்த இடைவெளியை மூன்றே எட்டில் கடக்க வேண்டும். வயது ஏற ஏற இடுப்பு இறுகும், எட்டு குறுகும். நான்காவது எட்டு தேவைப்பட்டுவிட்டால் தாண்டும் காலே மாறிப்போகும், தாளம் மொத்தமும் கெட்டுவிடும். இன்றைய மூத்தோர் போட்டிகளில் நாற்பது வயதுக்காரர்களுக்குத் தடையை 99.1 செ.மீ. ஆகக் குறைத்திருக்கிறார்கள். ஃபின்லேவுக்கு அந்தச் சலுகை கிடையாது. தன் வயதில் பாதியே ஆன பையன்களோடு, அதே முழு உயரத்தில்தான் தாண்டியாக வேண்டும்.

அப்படித் தாண்டித்தான் 1949-இல், நாற்பது வயதில், பிரிட்டனின் ஏ.ஏ.ஏ. (அமெச்சூர் தடகளச் சங்கம்) பட்டத்தை மறுபடி வென்றார். 1932 முதல் 1938 வரை தொடர்ந்து ஏழு முறை வென்றிருந்த அதே பட்டம். எனக்கு அவருடைய ஒலிம்பிக் வெள்ளியைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது. வெள்ளியை வாங்கியபோது உடம்பு 27 வயது உடம்பு. இதற்கு முன்னால் ஒரு போரும், ஒரு காயமும், லண்டனில் எல்லோர் கண்முன்னும் விழுந்த விழுதலும் இருந்தன.

1950 பிப்ரவரியில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த எம்பயர் விளையாட்டுப் போட்டிக்கும் (இன்றைய காமன்வெல்த் போட்டி) போனார். இறுதி ஓட்டம் வரை வந்து நான்காவதாக முடித்தார். 1970-இல் காலமானார். மூத்தோருக்கான முதல் உலகத் தடகளப் போட்டி டொராண்டோவில் நடந்தது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான்.