முதல் ஏற்றுமதிக்கு விலை கூறுவது எப்படி?

கேள்வி: உள்நாட்டில் மட்டுமே மொத்த வியாபாரம் செய்துவந்த நான், முதன்முறையாக வெளிநாட்டு வாங்குநர் ஒருவருக்கு விலை கூற வேண்டியுள்ளது. எஃப்ஓபி, சிஐஎஃப் என்ற இரு விலை முறைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில் 1: எஃப்ஓபி விலையில் சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரையிலான செலவு மட்டுமே உங்களுடையது, சிஐஎஃப் விலையில் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேரும். ஆனால், பலர் கவனிக்கத் தவறுவது என்னவென்றால், இரண்டிலுமே சரக்கு கப்பலேறியதும் இழப்பின் பொறுப்பு வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. துறைமுகத்தின் பெயருடன் ‘இன்கோடெர்ம்ஸ் 2020’ (இந்த விலை முறைகளை வரையறுக்கும் சர்வதேச விதித்தொகுப்பு) என்றும் தவறாமல் எழுதுங்கள்.

பதில் 2: கன்டெய்னர் என்றால் எஃப்சிஏ (வாங்குபவர் நியமிக்கும் போக்குவரத்து நிறுவனத்திடம் சரக்கை ஒப்படைப்பதுடன் உங்கள் பொறுப்பு முடியும் முறை) பொருத்தமானது.

பதில் 3: விலையைவிடப் பணம் வந்துசேரும் வழியே முக்கியம் என்பேன். அறிமுகமில்லாத வாங்குநரிடம் எல்சி (ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி அளிக்கும் உறுதிக் கடிதம்) கேளுங்கள். வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, ஆவணங்களையே பார்க்கிறது என்பதால், இன்வாய்ஸில் உள்ள சரக்கு விவரம் எல்சியுடன் பொருந்தாவிட்டால்கூடப் பணம் நின்றுவிடக்கூடும்.